அப்பாவுக்கு மறதி நோய், ஆனால் நான் கேட்க வந்தது அம்மாவைப் பற்றி

காவேரிக்கரை:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 77 வயது, அம்மாவுக்கு 70. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான். நான் சென்னையில், தம்பி மஸ்கட்டில். அப்பா போக்குவரத்துக் கழகத்தில், பஸ் வருகிற போகிற நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நியூரோ டாக்டர் அல்சைமர் என்று சொன்னார். அன்றிலிருந்து டொனெபெசில் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது, ஆறு மாதமாக மெமான்டினும் சேர்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவார். டூட்டிக்குப் போக வேண்டுமாம். மாயவரம் வண்டி உள்ளே வந்துவிட்டதா என்று தெருவில் போகிறவர்களைக் கேட்பார். அவர் நினைப்பில் அது இன்னும் சோழன் போக்குவரத்துக் கழகம்தான், 1997-ல் பேர் மாறியதெல்லாம் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இது எங்களுக்குப் பழகிவிட்டது. தெருவில் இருப்பவர்களும் "வந்துடுச்சு சார், இப்பதான் கெளம்புச்சு சார்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார்கள்.

ராத்திரிதான் பிரச்சினை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நடுராத்திரி எழுந்து, பக்கத்தில் படுத்திருந்த அம்மாவைப் பார்த்துப் பதறிப்போய், "யாரும்மா நீங்க, இந்த நேரத்துல இங்க என்ன பண்றீங்க, என் வீட்டுக்காரி பார்த்தா என்ன நினைப்பா, தயவுசெஞ்சு வெளிய போங்க" என்று சொல்லியிருக்கிறார். அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து விடியும்வரை ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் இது நடக்கிறது. போனில் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பாரேன், நாப்பத்தேழு வருஷம் கழிச்சு உங்கப்பாவோட ஒழுக்கத்துக்கு சர்டிபிகேட் கெடைச்சிருக்கு" என்றாள். நானும் சிரித்தேன், எனக்கு அப்போது வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பொங்கலுக்குப் போயிருந்தபோது மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, துவைக்கிற கல்லில் கையை ஊன்றிக்கொண்டு அம்மா அழுதுகொண்டிருந்தாள். வாளியில் துணி எதுவும் இல்லை. அப்புறம் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். ஒரு நாள் குளிக்க மாட்டேன் என்று அவர் சொம்பைத் தட்டிவிட, இவள் ஆத்திரத்தில் தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டாள். அதற்கு அப்பா "அடிக்காதம்மா" என்று சொல்லிக் கையைக் கூப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை, வெள்ளிக்கிழமை பஜனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தம்பி, நல்ல ஹோம் பார்த்து அப்பாவைச் சேர்த்துவிடலாம் என்கிறான். அம்மா "நான் போனதுக்கப்புறம் எங்க வேணா கொண்டு போய் விடுங்க" என்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் "சார் எப்படி இருக்கார்" என்று கேட்கிறார்கள். மூன்று வருஷமாக அந்த டாக்டர் அறையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவை ஒரு தடவைகூட "நீங்க எப்படிம்மா இருக்கீங்க" என்று யாரும் கேட்டதில்லை. நானும் பொங்கல் வரைக்கும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

ராத்திரியில் அவர் அப்படிக் கேட்டால் அம்மா என்ன பதில் சொல்ல வேண்டும்? அதோடு இன்னொன்று. அம்மா என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் பதில் தெரியவில்லை: "அவருக்கு நான் யாருன்னே தெரியாதப்ப, நான் யாருக்குடி பொண்டாட்டி?"

தெப்பக்குளம்:

தாயி, எனக்கு 73 வயசு. ஆறு வருஷம் பார்த்தேன், போன வருஷம் அவர் போய்விட்டார். என் பேரன் மொபைலில் பேசிப் பேசி எழுதுகிறேன், பிழை இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் அந்த அடி விஷயம். நானும் கிள்ளியிருக்கிறேன். ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். இதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். உங்கள் அம்மா கெட்டவள் இல்லை, தூங்காதவள். மூன்று ராத்திரி தொடர்ந்து தூங்காத மனுஷிக்குக் கை எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அதற்காக அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது, அடுத்த தடவை கோபம் ஏறும்போது அவர் விழாத மாதிரி உட்கார வைத்துவிட்டு இவள் அந்த இடத்தைவிட்டு வந்துவிட வேண்டும். குளிக்காவிட்டால் என்ன, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். குளிக்க வைக்கும்போதும் தலையில் தண்ணீரை ஊற்றி ஆரம்பிக்கக் கூடாது, பாதத்தில் ஊற்றி மெதுவாக மேலே வர வேண்டும். தலையில் விழுந்த முதல் சொம்புக்குத்தான் எங்கள் வீட்டில் சண்டையே வரும், இது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ராத்திரி விஷயம். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், உங்கள் அம்மா செய்ய வேண்டாம். நான்தான் உன் பொண்டாட்டி என்று நிரூபிக்கக் கல்யாண போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் போட்டோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, இவதான் என் சம்சாரம், நீ வயசான பொம்பளையா இருக்கியே" என்றார். அவர் மனசுக்குள் அவருக்கு முப்பத்தைந்து வயசு, பெண்டாட்டிக்கு இருபத்தெட்டு. என் நரைத்த முடியையும் பல் இல்லாத வாயையும் பார்த்தால் அவர் எப்படி ஒத்துக்கொள்வார்? அன்று ராத்திரி முழுக்க அந்த போட்டோவில் இருந்தவள் மேலேயே எனக்குப் பொறாமை. சிரிக்காதே, நிஜமாகவே பொறாமைப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அவர் வெளியே போ என்றதும் வாதாடாமல் "சரிங்க, போறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே பாத்திரத்தை உருட்டிக்கொண்டு எப்போதும் கூப்பிடுகிற மாதிரி "ஏங்க, பால் சுட வைக்கட்டுமா" என்று கேட்டேன். உள்ளேயிருந்து "ம், சர்க்கரை கம்மியா" என்று பதில் வந்தது. முகம் மறந்துபோயிருந்தது, குரல் மறக்கவில்லை. அதற்கப்புறம் எப்போதும் முதலில் குரல், அப்புறம்தான் ஆள். எல்லா நாளும் பலிக்காது, பத்தில் ஆறு தடவை பலித்தது.

இன்னொன்று, "குழந்தை மாதிரி ஆயிட்டார், குழந்தைன்னு நினைச்சுக்கோ" என்று சொந்தக்காரர்கள் வந்து சொல்வார்கள். அவர்களுக்குக் காபி கொடுக்காதே.

நைட் டியூட்டி:

சகோதரி, நான் முதியோர் வார்டில் பல வருஷமாகச் செவிலியர். முதியவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

இரண்டு மாதமாகத்தான் இந்த ராத்திரிக் குழப்பம் என்கிறீர்கள். மெதுவாக வந்ததா, இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்ததா? திடீரென்று என்றால் மறதி நோய் முற்றிவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் கிருமித்தொற்று, நாலு நாள் மலச்சிக்கல், எங்கேயோ சொல்லத் தெரியாத வலி, ரத்தத்தில் சோடியம் குறைவது, இதெல்லாம் வயதானவர்களை ஒரே வாரத்தில் தலைகீழாக்கிவிடும். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுக்கிறார் என்றால் சோடியத்தைக் கட்டாயம் பாருங்கள். முதலில் நோயைக் கண்டுபிடித்தபோது பி12, தைராய்டு பார்த்திருப்பார்கள், பார்க்கவில்லை என்றால் அதையும் இப்போது கேளுங்கள். டொனெபெசில் ராத்திரி எடுத்தால் சிலருக்குக் கனவு பயங்கரமாக வரும், காலையில் மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். தூங்க வைக்கிறேன் என்று அவில் மாதிரி அலர்ஜி மாத்திரையோ இருமல் சிரப்போ மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், நிறைய வீட்டில் நடக்கிறது, அது மூளைக் குழப்பத்தை அதிகமாக்கும். சில மனநல மாத்திரைகளிலும் இந்த வயதில் பக்கவாத ஆபத்து உண்டு, அளவும் எத்தனை நாள் என்பதும் தெரியாமல் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கக் கூடாது.

அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று கேட்கிறேன். ராத்திரி எழும்போது அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா? கண்புரை இருக்கிறதா? அறையில் ஜீரோ வாட்ஸ் பல்பாவது எரிகிறதா? கண்ணாடி இல்லாமல், இருட்டில், அரைத்தூக்கத்தில் பக்கத்தில் ஓர் உருவம் தெரிந்தால் நல்ல மூளைக்கே திக்கென்று இருக்கும். காது மந்தம் என்றால் அதுவும்தான். எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால் ராத்திரியில் துணி போட்டு மூடுங்கள். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும், ஐந்து மணிக்குக் கேட்டைத் தாண்டி ஒரு நாள் நிஜமாகவே கிளம்பிவிடுவார்.

இப்போது அம்மா. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்று 2023-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அந்த 88 லட்சத்தில் உங்கள் அப்பா உண்டு, அம்மா இல்லை. எங்கள் வார்டிலும் கேஸ் ஷீட் நோயாளி பேரில்தான் இருக்கும், கூட வந்தவருக்கு ஷீட் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, பஜனை வேண்டாம், யாருமில்லாத இடத்தில் அழுகை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சோர்வு என்று விட்டுவிடக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை, மனச்சோர்வு நோயா என்று அவளுக்கே தனியாக ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அப்பாவின் அப்பாயின்ட்மெண்டில் கடைசி இரண்டு நிமிஷம் என்று வேண்டாம், அவள் பேரில் தனிச் சீட்டுப் போட்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை. சென்னைக்கு அழைத்துவர முடிந்தால் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் மறதி நோய்க்கென்று தனிப் பிரிவே நடத்துகிறது. 1992-ல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற மறதி நோய்ச் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு, குடும்பத்தினர் கூடிப் பேசும் கூட்டம் எப்போது என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோரும் திட்டினாலும் பரவாயில்லைங்க, ஹோம் என்ற பேச்சை எடுத்த உங்கள் தம்பி பக்கம் நான் கொஞ்சம் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் தலைகீழ். அம்மாவுக்கு மறதி, அப்பா பார்த்துக்கொண்டார். ஒன்பது முழம் சேலை கட்டிவிடுவதிலிருந்து மலம் அள்ளுவது வரை எல்லாம் அவர்தான், மருமகளைத் தொடவிட மாட்டார். ஒரு நாள் அவருக்கே மாரடைப்பு வந்து ஐசியூவில் படுத்தபிறகுதான் வேறு வழியில்லாமல் அம்மாவை ஹோமில் சேர்த்தோம். முதலில் சேர்த்த இடம் சரியில்லை. போனபோதெல்லாம் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தார், கேட்டால் மழுப்பினார்கள், இருபதே நாளில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டாவது இடம் தேடும்போது சொல்லாமல் கொள்ளாமல் சாயங்கால நேரத்தில் போய்ப் பார்த்தேன், ராத்திரிக்கு எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேட்டேன், மூக்கை நம்பினேன். மூத்திர வாடை அடிக்கிற இடம், பினாயில் வாடை மட்டுமே அடிக்கிற இடம், இரண்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லைங்க.

அப்பா இப்போது தினமும் நாலு மணிக்கு டவுன் பஸ்ஸில் போய், பூ வைத்துவிட்டு, ஏழு மணி வரை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறார். வீட்டில் வைத்திருந்த நாலு வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, வேலையே ஓயாது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், முதல் இரண்டு மாதம் அப்பா எங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. செலவும் சின்னது இல்லை, நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டுத்தான் சமாளிக்கிறோம்.

தெப்பக்குளம்:

தம்பி, உங்கள் அப்பா நெஞ்சைப் பிடித்த பிறகுதானே சேர்த்தீர்கள். அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்காமல் கொண்டுபோய் விட்டால் அவள் ஊஞ்சலிலேயே உட்கார்ந்து செத்துப்போவாள்.

சிங்காநல்லூர்க்காரன்:

சரிதானுங்க அம்மா, சம்மதம் இல்லாமல் கூடாது. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆவதற்கு முன்னால் பேசி வையுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். ராத்திரிக்கு மட்டும் ஓர் ஆள் வைத்தால்கூடப் பாதி சரியாகும்.

பாவு நூல்:

அம்மாடி, காவேரிக்கரை, உன் அம்மாவின் கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லையே என்று நான் எழுதுகிறேன். எனக்கு 79. காஞ்சிபுரத்தில் தறி ஓட்டியவன். என் வீட்டுக்காரிக்கு ஐந்து வருஷமாக இந்த வியாதி. அவள் என்னைச் சில நாள் அவள் அண்ணன் என்கிறாள், சில நாள் கூலி கொடுக்க வந்த முதலாளி என்கிறாள். முதலாளி என்று நினைக்கிற நாளில் ரொம்ப மரியாதை, எழுந்து நிற்பாள். எனக்கு அதுதான் தாங்க முடியாது, அண்ணன் எவ்வளவோ தேவலை.

பேச்சு போய்விட்டது என்பதைவிடச் சண்டை போய்விட்டது என்பதுதான் எனக்குக் கஷ்டம். ஐம்பது வருஷம் குழம்பில் உப்புக்கும் தம்பி மகன் கல்யாணத்துக்கும் சண்டை போட்டவளிடம் இப்போது எதைச் சொன்னாலும் "சரிங்க" என்கிறாள். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. காலையில் கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் வாசலில் பதினைந்து புள்ளி நேர்ப்புள்ளி வைத்து இழுத்துவிடுகிறாள். இன்று என்ன கிழமை என்று தெரியாது, பெற்ற பிள்ளை பேர் தெரியாது, விரல் இடுக்கிலிருந்து மாவு ஒரே பருமனில் இறங்குகிறது. நிறுத்தத்தான் தெரியாது, பக்கத்து வீட்டு வாசலுக்கும் போய்விடுவாள், அவர்களும் நல்லவர்கள், ஒன்றும் சொல்வதில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாள் ஒரு கம்பி தப்பிவிட்டது, நான் "அங்க தப்பு" என்றேன். நிமிர்ந்து பார்த்து "உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க" என்றாள். அது அண்ணனிடமோ முதலாளியிடமோ பேசுகிற பேச்சு இல்லை அம்மா. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஆகவே அந்தப் பந்தம் உள்ளே இருக்கிறது. ஆனால் அது எப்போது வரும் என்று நம் கையில் இல்லை, கேட்டால் வராது. அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன், மூன்று கால் பின்னல் தறிக்காரனுக்குப் பெரிய வித்தையா. பின்னும்போது கண்ணை மூடிக்கொள்வாள், கழுத்து இறுக்கம் விட்டுவிடும். துணி மாற்றிவிடும்போது முதலில் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இதையெல்லாம் யாரிடம் பேசுவது? டீக்கடையில் பேச முடியுமா? உன் அம்மாவைப் பேசச் சொல், நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

காவேரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், லீவு போட்டுக் கும்பகோணத்தில்தான் இருக்கிறேன்.

பாவு நூல் ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலாளி என்று எழுந்து நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து "மிச்சத்தைப் படி" என்றாள். தெப்பக்குளம் அம்மா, உங்கள் கிள்ளலையும் படித்தேன். "இந்த அம்மா எந்த ஊரு" என்று மட்டும் கேட்டாள், ஆனால் அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டாள்.

படுக்கையறையில் சின்ன பல்பு போட்டாயிற்று. அப்பாவின் கண்ணாடி பீரோ மேல் இருந்தது, எத்தனை மாதமாக என்று அம்மாவுக்கே தெரியவில்லை. குரல் வைத்தியம் நாலு ராத்திரியில் இரண்டு தடவை பலித்தது, ஒரு தடவை "பால் வேண்டாம், அந்தம்மா போயிட்டாங்களா பாரு" என்றார். அம்மா வாசல்வரை போய்ப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு "போயிட்டாங்க" என்று வந்து படுத்துக்கொண்டாள். ராத்திரிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு வரும் செவ்வாய்க்கிழமை தனியாக டாக்டரைப் பார்க்கிறோம், அவள் பேரிலேயே சீட்டு. ஹோம் பேச்சை அம்மாவையும் வைத்துக்கொண்டு தம்பியோடு வீடியோவில் பேசினோம், முடிவாகவில்லை, கத்தலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவை வலுக்கட்டாயமாகப் பஜனைக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் என்று சொல்லி அனுப்பினால் முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள், அங்கே உட்காரவே முடியவில்லையாம். அப்பா அந்த நேரம் முழுக்கக் கேட்டருகே நாற்காலியில் இருந்தார். கையில் ஒரு பழைய டைரியும் பேனாவும் கொடுத்திருந்தேன், டூட்டி என்று கிளம்பாமல் இருக்கட்டும் என்று. அப்புறம் எடுத்துப் பார்த்தால் கோணல்மாணலாகக் கோடு போட்டுக் கட்டம் கட்டி, "வீட்டில் புறப்பாடு 5.10, வருகை 5.55" என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை மூன்றாம் மனிதர்களிடம் "வீட்டில்" என்றுதான் சொல்வார். அம்மா அந்த டைரியை வாங்கிக்கொண்டுபோனாள், எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

சோடியம் ரிப்போர்ட் நாளைக்கு வரும், வந்ததும் எழுதுகிறேன்.